ஊசி வேண்டாம் என்றவன்

குடும்ப டாக்டர் திட்டத்தில் புதிதாகச் சேரும் உங்களுக்காக என் அனுபவம் எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும், மேடம்" என்றும் சொன்னார்கள். எனக்கு உற்சாகமாக எழுத வராது. அரசு ஆஸ்பத்திரிகளில் காலம் தள்ளி ஓய்வு பெற்று, அதற்கப்புறமும் சும்மா இருக்க முடியாமல் ஸ்ரீபெரும்புதூர் ஓரத்தில் இந்தத் திட்டத்தின் கிளினிக்கில் உட்கார்ந்தவள் நான். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று அதையும் விட்டுவிட்டேன். நான் அங்கே பயந்து போன ஒரு சாயங்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். உற்சாகத்தை வேறு யாராவது தரட்டும்.

திட்டம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். இன்ன தெருக்களுக்கு இன்ன டாக்டர். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இரத்த அழுத்தம், எல்லாம் அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்கும். சின்னத் தலைவலிக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரே கதவுக்குள் இருக்கிற ஊரில் இது ஓடும்.

எங்கள் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை ரூம். ஒரு ரூமில் நாலைந்து பேர். ஒருவன் ஷிப்டுக்குப் போனதும் அதே பாயில் இன்னொருவன் வந்து படுப்பான், தலையணையில் சூடு கூட ஆறியிருக்காது. எங்கள் கணக்கெடுப்பு ஆட்கள் கதவு எண்ணைப் பார்த்து வீட்டுக்காரர் குடும்பத்தைப் பதிந்துகொண்டு போய்விட்டார்கள். பின்னால் இருந்த பையன்கள் எங்கள் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று சண்டை போட்டேன். "அவங்க குடும்பமா வசிக்கலையே மேடம், அடுத்த கட்டத்துல பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த கட்டம் என்று ஓர் ஆபீஸ் சொன்னால் அது எப்போது வரும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஊசி போட்டால்தான் அவர் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லி அனுப்பினால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள். அடுத்த நாள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வேறு ஒருவரிடம் போய்க் குத்திக்கொண்டு வருவார்கள். நானும் முதல் சில மாதங்கள் ஊசிக்காக மல்லுக்கட்டியே தொண்டையை வறட்டிக்கொண்டேன்.

அன்றைக்குக் கிருத்திகை. கிளினிக்கில் கூட்டம் கம்மி. சாயங்காலம் தினகரன் வந்தான். பிள்ளைப்பாக்கத்துக்காரன், எங்கள் பட்டியலில் இருந்த வீட்டுப் பையன். அப்பா காலத்தில் நெல் போட்ட இடத்தில் இப்போது அவர்கள் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவனும் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் எனக்கு நல்ல பழக்கம். வீட்டில் எல்லாரும் தினா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன்.

"இன்னாடா உடம்புக்கு?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

"நாலு நாளா காய்ச்சல் மேடம். நேத்து வுட்டுட்ச்சி. ஆனா இன்னிக்குக் காலைலேர்ந்து ஒரே வாந்தி. வயிறு இங்க புடிச்சிக்கினு வலிக்குது. கை காலெல்லாம் ஜில்லுன்னு கீது."

சொன்னது அத்தனையும் கெட்ட அறிகுறி. அது டெங்கு சீசன். காய்ச்சல் இறங்கியதும் பிழைத்தோம் என்று எல்லாரும் எழுந்து உட்காருவார்கள். டெங்குவில் அந்த ஒரு நாள்தான் ஆளைக் கவிழ்க்கும். அது உங்களுக்கும் தெரியும். அவசரமாகக் கையைப் பிடித்தேன். கை வெதுவெதுப்பாக இருந்தது. நாடி கோயில் மணி மாதிரி கணீரென்று அடித்தது. வயிற்றை அமுக்கினால் கூச்சத்தில் நெளிந்தானே தவிர வலியில்லை. அவன் இரத்த அழுத்தம், எனக்கு இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று பொறாமைப்படும்படி இருந்தது.

"ஊசி ஒண்ணு போடணும்" என்றேன். உண்மையில் போடுகிற எண்ணம் எனக்கு இல்லை. என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று சொன்னேன்.

"ஊசி வேணாம் மேடம். மாத்திரையா குடுங்க. நாலஞ்சி நாளைக்கி சேத்து குடுத்துடுங்க."

பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் என்னிடம் ஊசி வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

"காலைலேர்ந்து ஒண்ணுக்குப் போனியா?"

அவன் யோசித்தான். செல்போனை எடுத்துப் பார்த்தான். திரும்ப பாக்கெட்டில் வைத்தான்.

"தெரில மேடம்."

தான் சிறுநீர் கழித்தோமா என்பது தெரியாத மனிதனை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்கப் போவதில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவன் சொன்ன உடம்பு இந்த நாற்காலியில் இல்லை. ஊசியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போக முடியாது என்பதால்தான் மாத்திரை கேட்கிறான்.

"யாருக்குடா?" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவர்கள் வீட்டுப் பின் ரூமில் இசக்கிமுத்து என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் டிரெயினி. இவனுக்கு உயிர் சிநேகிதன். அவன் பெயர் எங்கள் பட்டியலில் கிடையாது. அதோடு கிளினிக் திறந்திருக்கிற சாயங்கால நேரத்தில் அவன் செகண்ட் ஷிப்டில் இருப்பான். அந்த ரூம்களில் ஒருவனுக்கு முடியவில்லை என்றால் அவன் வேலையை இன்னொருவன் ஓடிச் செய்வது பழக்கம். ஒருவன் தூங்கினால் இன்னொருவன் தண்ணீர் பிடித்து வைப்பான், ஒருவனுக்காக இன்னொருவன் கேஸ் சிலிண்டருக்கு நிற்பான். நோய்க்கும் ஒரு மாற்று ஆளை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கண்ணில் அதில் தப்பே இல்லை.

"அவன் இப்ப எங்க?"

"லைன்ல. ஷிப்டுக்குப் போய்க்கிறான்."

"இந்த உடம்போடயா?"

"இந்த வாரம் கன்பர்மேஷன் லிஸ்ட்டு போட்றாங்க மேடம். இத்தோட அவன் பர்மனென்ட்டு. லீவு போட்டாலோ, சீக்குன்னு தெரிஞ்சாலோ பேரை அட்ச்சிடுவாங்க. ரெண்டு வருசமா நாய் மாரி வேலை செஞ்சிகிறான். அதான் நான் வந்தேன்."

போன் போடு என்றேன். உற்பத்தி லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் லாக்கரில் என்றான். கம்பெனியின் பொது எண்ணுக்கு நானே அழைத்தேன். ஒரு பெண் குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரவேற்றது. எந்தத் துறை வேண்டும் என்று கேட்டது. அமுக்கினால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அந்தக் குரலை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 108-க்குச் சொல்லி அந்தக் கம்பெனி கேட்டுக்கு வரச் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்களை நாளைக்கு வரும்படி கேட்டுக்கொண்டு, தினாவை இழுத்துக்கொண்டு என் காரில் ஏறினேன்.

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிற வேன்களும் ஆட்டோக்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும். நான் ஹாரன் அடித்தே பழக்கம் இல்லாதவள். அன்றைக்குக் கையை எடுக்கவில்லை.

தினாவுக்கு இப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. "மேடம், மெடிக்கல் ரூம்ல சொன்னீங்கன்னா அவன் கதை முட்ஞ்சுது. எச்.ஆர். ஆபீசுக்குப் போய்டும்" என்றான். பிறகு அவனே ஒரு வழியும் சொன்னான். "நான் சொல்றத கேளுங்க. ஊர்ல அவங்க அப்பா செத்துட்டார்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லலாம். சாவுன்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உடனே கேட் பாஸ் போட்டு வெளிய வுட்ருவாங்க. எல்லாரும் அப்டித்தான் மேடம். எங்க லைன்ல ஒருத்தன் அவன் தாத்தாவையே ரெண்டு வாட்டி சாவட்ச்சிகிறான்."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பையன் வெளியே வருவான், வேலையும் போகாது, கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பொய்தானே. கொஞ்ச தூரம் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

பிறகு அந்தப் பொய் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். எப்படியோ சேதி முன்னால் போய்ச் சேர்கிறது. லைனில் நிற்கிறவனிடம் உன் அப்பா செத்துட்டார் என்று யாரோ சொல்கிறார்கள். அவன் என்ன செய்வான்? எனக்காக கேட்டில் காத்திருப்பானா? கிடைத்த வண்டியில் ஏறி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போவான். திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து உட்காருவான். பக்கத்தில் இருப்பவர் அழுது களைத்துத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வார். விழுப்புரம் தாண்டும்போது அவனுக்கு மூச்சு இருக்காது. நாமே கேட் பாஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்த மாதிரி ஆகும்.

"பொய் வேண்டாம். யாருக்கும் போன் பண்ணாதே" என்றேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். தட்டிக்கொடுக்க எனக்கு நேரமில்லை.

கேட்டில் காவலுக்கு இருந்தவர் உள்ளூர்க்காரர், வயசானவர். இசக்கிமுத்துவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஷிப்டு டைம்ல பாக்க முடியாதும்மா. நீ யாரு அவருக்கு?"

"அவரோட குடும்ப டாக்டர்."

"அவரு குடும்பம் தின்னவேலில இல்ல கீது?"

நான் அந்தப் பையனின் முகத்தைக் கூடப் பார்த்ததில்லை. எங்கள் திட்டத்தின் கணக்கில் அவன் யாருமே இல்லை. "ஆமாம், அங்கேதான் இருக்கு. இங்க நான்தான்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் போனை எடுத்து லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

சூப்பர்வைசர் வர நேரமாயிற்று. முப்பது வயசுதான் இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது, கண்ணில் தூக்கமில்லாதவர். "மேடம், ஏற்கெனவே ஒரு ஆள் ஷார்ட். இப்ப அவனையும் அனுப்பினா லைன் நின்னுடும். என்ன பிரச்சனை அவனுக்கு?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிஷமே அவனை அனுப்பியிருப்பார். அதே வேகத்தில் அந்தப் பெயர் ஆபீசுக்கும் போயிருக்கும். சொல்லாவிட்டால் அனுப்ப மாட்டார். உள்ளே அவனுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது.  

"என்ன நோய்னு அவர்கிட்டதான் சொல்வேன். உங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் அவரை இப்பவே பார்க்கலைன்னா அவர் கீழே விழலாம். விழுந்தா உங்க லைன்ல, உங்க மெஷின் பக்கத்துல, உங்க ஷிப்டுல விழுவார். டாக்டர் வந்து சொன்னப்போ நீங்க கேட்கலைன்னு நாளைக்கு நானே சாட்சி சொல்வேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஓட்டமாக உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேராக வந்தார்கள். இசக்கிமுத்து நடந்துதான் வந்தான். ஒல்லியான பையன், யூனிபார்ம் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. சிரித்தான் கூட. சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையில் 'நல்லாத்தானே இருக்கான்' என்று எழுதியிருந்தது. எனக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது. இந்த நோயில் கடைசி வரைக்கும் தெளிவாகப் பேசுவார்கள், அதில்தான் இது நம்மை ஏமாற்றிவிடும். கையைப் பிடித்தேன். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தது போல இருந்தது. நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஏம்ல தினா, ஒன்ட்ட மாத்திரதானல வாங்கச் சொன்னேன்" என்றான் மெதுவாக. பிறகு என்னிடம், "எனக்கு ஒண்ணுமில்ல மேடம். காய்ச்சல் விட்டுட்டு. ஷிப்டு முடியட்டும், நானே வாரேன்."

"தம்பி, காய்ச்சல் விட்டதுதான் இப்ப பயம். உன் இரத்தத்துல தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகுது. இப்ப வந்தா டிரிப்ஸ் போட்டுச் சரி பண்ணலாம். ஷிப்டு முடிஞ்சு வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"இந்த வாரம் மட்டும் விட்ருங்க மேடம்" என்று கையை உருவிக்கொண்டான். "வீட்ல அக்கா கல்யாணத்துக்குப் பேசி வச்சிருக்காவ. நான் பர்மனென்ட்டுன்னு சொல்லித்தான் பேசியிருக்கு." திரும்பி உள்ளே நடந்தான்.

நான் தடுக்கவில்லை. பிடித்து நிறுத்த எனக்கு உரிமையும் இல்லை, பலமும் இல்லை. சில அடி போனவன் சுவரைப் பிடித்தான். பிறகு சுவரோடு வழுக்கிக்கொண்டே உட்கார்ந்தான். முகத்தில் சிரிப்பு அப்போதும் பாதி இருந்தது. சூப்பர்வைசர்தான் முதலில் ஓடினார். அவனைப் படுக்க வைத்து, கால் இரண்டையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷூவோடு இருந்த கால்கள். இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் லைன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

108 வந்தது. ஊசி வேண்டாம் என்ற கதை அங்கேயே முடிந்தது, இரண்டு கையிலும் குத்தி டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைய ராத்திரியும் அடுத்த நாளும் மோசமாக இருந்தான். தினா வேலைக்குப் போகாமல் வார்டு வாசலில் கிடந்தான். இசக்கிமுத்து பிழைத்துக்கொண்டான். அந்தச் சேதி வந்தபோது நான் என் கிளினிக் அறையைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கம்பெனியிலிருந்து பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். என்ன வியாதி, மறுபடி வருமா, முன்னாலேயே இருந்ததா என்று கேட்டார்கள். இத்தனை நாள் ஓய்வு தேவை, அதற்குப் பிறகு முழு வேலையும் செய்யலாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். ரூமில் இருப்பவர்கள் உங்களிடம் வராமல் மாற்று ஆளை அனுப்புவது இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான். அதன்பிறகு திட்ட ஆபீசில் மேசையைத் தட்டி, ஷிப்டு மாறுகிற நேரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு அருகிலேயே உட்கார அனுமதி வாங்கினேன். கதவு எண் கேட்காமல் ரூமில் இருக்கிறவர்களையும் பதிந்தேன். "குடும்பத் தலைவர் யார்னு போடறது மேடம்?" என்று கேட்டார்கள். யாரைக் கேட்டால் அவன் சாப்பிட்டானா இல்லையா என்று தெரியுமோ, அவர் பெயரைப் போடுங்கள் என்றேன்.

இசக்கிமுத்து பல நாள் கழித்து வந்தான். பஸ் நிறுத்தத்தில், நான் மேசை போட்டிருந்த இடத்துக்கு. உடம்பு தேறியிருந்தது. முகம் தேறவில்லை.

"லிஸ்ட்டு போட்டுட்டாவ மேடம். என் பேரு இல்ல."

அந்த சூப்பர்வைசர் தான் எதுவும் எழுதவில்லை என்று சத்தியம் செய்தாராம். நான் நம்பினேன். எங்கேயோ மேலே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், அங்கே நம் கை எட்டாது.

"அடுத்த லிஸ்ட்டுக்குப் பார்ப்பாங்களா?"

"பாக்கலாம்னு சொல்லுதாவ."  பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டான். "அன்னைக்கு நீங்க கேட்டுக்கு வராம இருந்திருந்தா என் பேரு இருந்திருக்கும்லா?"

உயிர் பெரிதா வேலை பெரிதா என்று அவனுக்குப் பாடம் எடுக்கலாம். அவன் அக்காவிடமும் எடுக்க வேண்டியிருக்கும். "இருந்திருக்கும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. திரும்பிப் போய்விட்டான், அவ்வளவுதான் என்று நினைத்து அடுத்தவரைக் கூப்பிட்டேன். நிழற்குடைக்குப் பின்னாலிருந்து மறுபடி வந்தான். கூடவே ஒரு பையன், போர்வையைச் சுற்றிக்கொண்டு, கண் சிவந்து, நிற்க முடியாமல் நின்றான்.

"எங்க ரூம்தான். நேத்து ராத்திரிலேர்ந்து காய்ச்சல்" என்றான் இசக்கிமுத்து. "ஆளையே கூட்டியாந்துட்டேன். ஆனா ஒண்ணு மேடம். இவன் கம்பெனிக்கு நீங்க போகக் கூடாது."

"போக வேண்டாம்னுதானே நேரத்தோட கூட்டிட்டு வந்திருக்க" என்றேன். "உட்காரச் சொல்லு."